மரத்தில் கட்டிய கயிறு

பிப்ரவரி 6

கடையில் இன்று ஓயாத வேலை. மூக்குத்தாங்கி உடைந்த கண்ணாடியை நூலால் காதோடு கட்டிக்கொண்டு ஒரு தையல்காரர் வந்தார். சோதித்துப் பார்த்தேன், பவர் நன்றாக ஏறியிருந்தது. சோதனைச் சட்டத்தில் புதிய லென்ஸைச் செருகி மாட்டிவிட்டதும் அவர் முதலில் குனிந்து பார்த்தது தம் சட்டைப் பொத்தானைத்தான். "இதை எவன் இவ்வளவு கேவலமாத் தைச்சான்?" என்றார். தைத்தவர் அவரே. முதலாளி சிரித்துச் சிரித்து மேசைமேல் சாய்ந்துவிட்டார்.

கைகள் இவ்வாறு தம் கடமையைச் செய்துகொண்டிருக்க, உள்ளம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையை விட்டு அகல மறுக்கிறது. அன்று ஆலயத்தில் மிஷன் சங்கத்தின் செயலாளர் ஐயா பேசினார். மேல் ஆற்றில் சரக்குப் படகுகளிலேயே பிறந்து, படகுகளிலேயே மணம் முடித்து, படகுகளிலேயே கண்மூடும் குடும்பங்களைப் பற்றிச் சொன்னார். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்குப் படகுப் பாய் தைக்கும் ஊசியில் நூல் கோக்க இயலவில்லையாம். நீரில் பட்டுத் திரும்பும் வெயில் அவர்கள் கண்களைச் சீக்கிரமே தளர்த்திவிடுகிறதாம். "கண் பார்த்துக் கண்ணாடி போடத் தெரிஞ்ச ஒருத்தர் எங்களுக்கு வேணும். அவருக்கு ஆண்டவரையும் தெரிஞ்சிருந்தா ரொம்ப நல்லது" என்றார். சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் என்னை மட்டும் யாரோ பெயர் சொல்லி அழைத்தாற்போல் இருந்தது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். இந்தக் கடைக்குத் தரை துடைக்க வந்தவள். லென்ஸ் பெட்டியை நானே திறந்தேன், நானே படித்தேன், நானே தேர்ந்தேன். எழுத்துத் தமிழும் அவ்வாறே: பொட்டலம் கட்டி வந்த காகிதங்களிலிருந்தும் ஞாயிறு பிரசங்கங்களிலிருந்தும் ஒவ்வொரு சொல்லாய்ப் பொறுக்கிச் சேர்த்தது. எவரிடமும் கை நீட்டியதில்லை. இத்தனை காலமும் எதற்காகக் கற்றேன் என்று அறியாதிருந்தேன். இதற்காகத்தானோ?

பிப்ரவரி 7

இது அழைப்பா, ஆசையா? ஆசையென்றால் இவ்வளவு அச்சம் ஏன்? அழைப்பென்றால் இவ்வளவு மகிழ்ச்சி ஏன்?

பிப்ரவரி 11

கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டே ஊர் ஊராய் நற்செய்தி சொல்லிச் சென்ற அப்போஸ்தலரை வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். அவருக்கு ஊசி, எனக்கு லென்ஸ். இந்த ஒப்புமை உதித்த கணத்தில் நடுச்சாலையில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் என்னை வாழ்த்திய சொற்களை இங்கே எழுதுவதற்கில்லை.

மாலையில் வீட்டில் சொல்லிவிட்டேன். தம்பி தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டான்.

"எங்க போறேன்னு சொன்ன?"

"மேல் ஆற்றுக்கு. மிஷனரியாக."

"நீச்சல் தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"படகுல ஏறியிருக்கியா?"

"இல்லை."

"பஸ்ல போனாலே உனக்குக் குமட்டும்கா. நீ ஆத்துல போய் அவங்களக் காப்பாத்தப் போறியா, அவங்க உன்னக் காப்பாத்தணுமா?"

தம்பி மனைவி அவனை விஞ்சினாள். "அண்ணி, அவங்ககிட்டயும் 'அளவற்ற மகிழ்ச்சி அடைகிறேன்'னுதான் பேசுவீங்களா? பாவம், பயந்து தண்ணில குதிச்சிடுவாங்க."

"எங்கக்காவுக்குத் தண்ணி கேக்கணும்னாலே முதல்ல ஒரு முன்னுரை வேணும்" என்றான் தம்பி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பாத்திரம் துலக்கும்போது அவள் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "நிஜமாவா அண்ணி?" என்றாள். தலையசைத்தேன். அவள் குழாயை மூடினாள். "எனக்கு இந்த வீட்ல பேச வேற யாரு இருக்கா?" என்றாள். அதற்கு என்னிடம் முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை.

பிப்ரவரி 20

சங்கத்தில் நேர்காணல்! முந்நூறு கேள்விகளுக்கு ஆயத்தமாய்ப் போனேன். அவர்கள் கேட்டவை நான்கோ ஐந்தோதான். என் சாட்சியை, ஆண்டவரிடம் நான் வந்த கதையை, மனப்பாடமாய்ச் சொன்னேன். நடுவில் ஒரு பெரியவர் கண் துடைத்தார் (கண்ணாடியின் பவர் போதவில்லை என்பதும் அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது; பிறகு சொல்லிவிட்டும் வந்தேன்).

ஆனால் என்னை அனுப்புவதா வேண்டாமா என்பதை இந்தக் குழு தீர்மானிக்காதாம். சங்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு என்று செயலாளர் ஐயா விளக்கினார். மிஷனரியாகப் போக விரும்புகிறவர் ஒரு மாதம் ஏதேனும் ஒரு படகுக் குடும்பத்தோடு வாழ வேண்டும். மாத முடிவில் சங்கம் அந்தப் படகின் தலைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இவரை மறுபடியும் ஏற்றிக்கொள்வீர்களா? அவர் ஆம் என்றால் ஆம். இல்லையென்றால் இல்லை.

"அவர்கள் நம் சபையைச் சேர்ந்தவர்களா ஐயா?" என்றேன்.

"இல்லம்மா. சாமி கும்பிடுறதுல அவ்வளவு அக்கறை இல்லாதவங்க. ஆனா யாரு வீட்டுக்குப் போறோமோ அவங்கதானே கதவத் திறக்கணும்?"

எனக்கு ஒரு கணம் சற்றே உறுத்தியது. தேவன் அழைத்தவளை ஒரு படகுக்காரி நிறுத்தி வைப்பதா? பரவாயில்லை. ஒரு மாதம் என்ன, ஓராண்டு கொடுத்தாலும் வென்று காட்டுவேன்.

பிப்ரவரி 25

சங்கத்தின் வரலாற்று நூலை இரவல் தந்திருக்கிறார்கள். மேல் ஆற்றுக்குச் சென்ற முதல் மிஷனரியின் கதையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். என்ன உறுதி! தனியொருவராய்ப் போய், கரையோரம் கல்லால் ஆலயம் எழுப்பி, கோபுரத்தில் மணி தொங்கவிட்டு, வருடக்கணக்கில் பிரசங்கித்தார். ஒருவர் உதவியும் நாடாதவர். தம் தோட்டத்தைத் தாமே பயிரிட்டார், தம் நோய்க்குத் தாமே மருந்து கலந்தார், தம் கல்லறைக்கான கல்லைக்கூடத் தாமே தெரிந்தெடுத்து வைத்தார். அவர் பிரசங்கங்களின் வாக்கிய அழகு! நான் பிறந்தது முதல் தேடிக்கொண்டிருந்த தகப்பனைக் கண்டடைந்தாற்போல் இருக்கிறது.

ஆலயத்துக்குப் படகு மக்கள் ஏன் வரவில்லை என்பதை நூல் சொல்லவில்லை. அவருக்குப் பின் சென்ற ஓர் அம்மையாரைப் பற்றி அரைப் பக்கம் மட்டும் இருக்கிறது. அவர் காலத்தில்தான் சில படகுக் குடும்பங்கள் சபையில் சேர்ந்தனவாம். முன்னவர் விதைத்ததை இவர் அறுத்திருக்கிறார் என்று கொள்க.

முடிச்சுகளைப் பற்றிய ஒரு புத்தகமும் வாங்கிவிட்டேன். படகில் எவருக்கும் நான் சுமையாக இருக்கலாகாது. கட்டில் காலில் பயிற்சி.

மார்ச் 4

ஏறிவிட்டேன்! இதை எழுதும் பலகை மெல்ல அசைகிறது. என் எழுத்தும் அசைகிறது. என் நெஞ்சமோ அதைவிட.

படகு நீண்டது, அகலம் குறைந்தது. நடுவில் பாய்மரம், பின்புறம் ஒரு சிறு எஞ்சின். சரக்கு முழுதும் கீழே. பின்னால் தகர அறை ஒன்று. அதில்தான் உறக்கம், சமையல், சண்டை, சமாதானம் எல்லாம். படகுக்காரி என்னைவிடச் சில வயது இளையவளாய் இருக்கலாம். சூரியனுக்கெதிரே எப்போதும் சுருக்கிய கண்கள். அவள் கணவர் சுக்கான் பிடிப்பவர்; அதிகம் பேசாதவர். கணவரின் தம்பி அவருக்கும் சேர்த்துப் பேசுபவர். ஒரே மகளைப் போன மாதம்தான் வேறொரு படகில் மணம் முடித்துக் கொடுத்தார்களாம். அவள் படுத்த மூலையைத்தான் எனக்கு ஒழித்துத் தந்திருக்கிறார்கள்.

"ஏணில கை குடுக்கவா?" என்றாள் படகுக்காரி.

"வேண்டாம், நானே ஏறிக்கொள்வேன்."

"பெட்டியாவது குடுங்க."

"சிரமம் வேண்டாம்."

ஏறியும் விட்டேன். பிறகு பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தேன். அதையும் நானே கழுவிவிட்டேன்.

மார்ச் 6

என் பாத்திரத்தை நானே துலக்குகிறேன். என் பங்கு உணவை நானே சமைக்கிறேன். துணிகளையும் நானே. விடியற்காலையில் மேல்தளத்தில் நின்று உரத்த குரலில் ஜெபம் செய்கிறேன். மூவரும் மரியாதையாய் எழுந்து நிற்கிறார்கள். முதல் மிஷனரியின் நடை என் வாக்கியங்களில் தானாகவே வந்து அமர்கிறது. கணவரின் தம்பி மட்டும், "முடிஞ்சிருச்சாம்மா? எஞ்சின் போடலாமா?" என்று நடுவில் கேட்டுவிட்டார்.

மார்ச் 9

இன்று இடுக்கைக் கடந்தோம்! இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவே ஆறு ஒடுங்கிச் சீறிப் பாயும் இடம் அது. படகின் இருபுறமும் ஆட்கள் நின்று நீண்ட கழிகளால் பாறையில் படகு மோதாமல் தள்ளிக்கொண்டே போகிறார்கள். எல்லோர் இடுப்பிலும் கயிறு. படகுக்காரி ஒரு கயிற்றுடன் என்னிடம் வந்தாள். "கட்டிக்கோங்க" என்று முனையை நீட்டினாள்.

"நீங்கள் உங்கள் வேலையைக் கவனியுங்கள். என்னை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். மூலையில் கிடந்த வேறொரு கயிற்றை எடுத்து, இடுப்பில் ஒரு முடிச்சு, பாய்மரத்தில் ஒரு முடிச்சு. புத்தகத்தில் பார்த்த அதே முடிச்சு, அணுவளவும் அசையவில்லை. தண்ணீர் தளத்தின் மேலேறி முழங்காலை நனைத்தது. நான் விழவில்லை! ஒருவருக்கும் பாரமாக இல்லை! "அல்லேலூயா" என்று கத்திவிட்டேன்.

படகுக்காரி என் முடிச்சைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பாராட்டத் தயங்குகிறாள் போலும்.

மார்ச் 15

என் வாழ்வின் மிகச் சிறந்த நாள். மேல் துறையில் ஏராளமான படகுகள் ஒன்றோடொன்று கட்டி நிற்க, கண் பார்க்க வந்தவர்கள் படகு விட்டுப் படகு தாண்டி வந்தார்கள். கொண்டுவந்த பெட்டி மாலைக்குள் பாதி காலி. பாய் தைக்கும் ஒரு பெண் கண்ணாடியை மாட்டியதும் அடுத்த படகில் நின்ற தன் கணவரை உற்றுப் பார்த்தாள். "அய்யோ, இவரா? இவ்வளவு கிழவனாயிட்டாரா? ஒரு வார்த்தை சொல்லலியே யாரும்!" துறையே சிரித்தது. கணவர் வேகமாய் உள்ளே போய்ச் சவரம் செய்துகொண்டு வந்தார்.

எல்லோரும் என்னைக் கண்ணாடியம்மா என்கிறார்கள். எனக்கு இனி வேறு பெயர் வேண்டாம்.

படகுக்காரி மட்டும் கண் பார்த்துக்கொள்ள வரவில்லை. நான்கைந்து முறை அழைத்தேன். "அப்புறம் பாக்கலாம்" என்கிறாள்.

மார்ச் 27

இடுக்கை மறுபடி கடந்தோம், எதிர்த்திசையில். அதே மரம், அதே முடிச்சு. இம்முறை எவரும் எனக்குக் கயிறு நீட்டவில்லை. நான் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் ஏதோ ஒன்று... படகுக்காரியின் கழி ஒரு தடவை வழுக்கியது. அவள் கணவர் சுக்கானிலிருந்து போட்ட சத்தம் இன்னும் காதிலிருக்கிறது. அவ்வளவு பேசாத மனிதர்.

மார்ச் 31

இல்லை என்றுவிட்டாள்.

ஏப்ரல் 1

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன். எழுதுகிறேன்.

செயலாளர் ஐயா துறைக்கு வந்திருந்தார். நான் புடவை மாற்றி, தலை வாரி, நன்றியுரையைக்கூட ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லவங்கதான். கைராசிக்காரங்க. ஆனா வேண்டாங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. நான் என்ன தவறு செய்தேன் என்று கேட்டேன். கேட்டேனா, கத்தினேனா?

"தப்புன்னு எதச் சொல்ல? நான் குடுத்த எதையும் நீங்க வாங்கல. தண்ணி கூட நீங்களே மொண்டு குடிச்சீங்க. அதுகூடப் போகட்டும். மரத்துல போய்க் கட்டிக்கிட்டீங்களேம்மா! நாங்க சரக்கைத்தான் மரத்துல கட்டுவோம். ஆள ஆளோடதான் கட்டுவோம். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் பாரம் இழுத்து நிறுத்தும். இவரும் இவர் தம்பியும் ஒரு ஜோடி. நானும் எம்பொண்ணும் ஒரு ஜோடியா இருந்தோம். அவ போயிட்டா. நீங்க வந்தீங்க. ரெண்டு தடவையும் என் கயித்து மறுமுனை சும்மாக் கெடந்துச்சு."

யாரும் எனக்குச் சொல்லவில்லையே! யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! — சொன்னாள். "கட்டிக்கோங்க"ன்னு நீட்டினாள். நான்தான், உங்க வேலையப் பாருங்கன்னுட்டேன். ரெண்டு வாட்டி அந்தப் பாறைக்கு நடுவுல, இடுப்புல வெறுங்கயித்தோட நின்னிருக்கா. நான் பக்கத்துல நின்னு அல்லேலூயான்னு கத்தியிருக்கேன். ஆண்டவரே.

ஏப்ரல் 3

கடைக்குப் போனேன்.  முதலாளி என் இருக்கையைத் துடைத்து வைத்திருந்தார். தம்பி கேலி செய்யவில்லை. அவன் கேலி செய்யாததுதான் அதிகம் வலிக்கிறது.

ஏப்ரல் 12

நூலைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் செயலாளர் ஐயாவிடம் இரண்டாவது மிஷனரியைப் பற்றிக் கேட்டேன். அரைப் பக்கத்தில் இல்லாததை அவர் சொன்னார்.

அந்த அம்மையாருக்கு ஆற்றில் ஒரு பெயர் உண்டாம்: ஒண்ணும் தெரியாத அம்மா. படகு மக்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்களாம். துடுப்புப் பிடிக்கத் தெரியாது, அடுப்பு மூட்டத் தெரியாது, அவர்கள் பேச்சும் தெரியாது. போன இடமெல்லாம், "எனக்குக் கத்துக் குடுங்க" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாராம். "அந்த அம்மா பிரசங்கம் பண்ணது ஒண்ணும் அவங்களுக்கு ஞாபகம் இல்ல. ஆனா யாரோட கொள்ளுப்பாட்டி அவங்களுக்குத் துடுப்பு பிடிக்கக் கத்துக்குடுத்தது, யாரோட தாத்தா மீன் சுத்தம் பண்ணக் கத்துக்குடுத்ததுன்னு படகு படகாச் சண்டை போடுவாங்க. எங்க குடும்பந்தான்னு."

"முதல் மிஷனரி?" என்றேன்.

"மணிக்காரர்னு சொல்வாங்க. மணி நல்லா அடிப்பாராம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தகப்பனைக் கண்டடைந்தேன் என்று எழுதி வைத்தேனே! அவரை நான் இகழவில்லை. அவரும் அழைப்புப் பெற்றவரே, கல் சுமந்தவரே, தனிமையில் மடிந்தவரே. ஆனால் கொடுப்பதற்கு மட்டுமே வந்தவரிடம் மக்கள் எதைத்தான் கொடுக்க முடியும்? கிணற்றடியில் ஒரு பெண்ணிடம் என் ஆண்டவர் முதலில் தண்ணீர் கேட்டார் அல்லவா? எத்தனை பிரசங்கங்களில் இதைக் கேட்டிருக்கிறேன்! அவருக்கே கேட்கக் கூச்சமில்லை. எனக்குக் கூச்சம்.

"இன்னொரு வாய்ப்புத் தர முடியுமா ஐயா?"

"தர்றது என் கையில இல்லம்மா. அவங்க கையில. சங்கம் அனுப்பாது. நீங்களாப் போய்க் கேக்கலாம்."

ஏப்ரல் 24

படகு கீழ்த்துறைக்கு வந்திருப்பதாக அறிந்து கடைக்கு விடுப்புச் சொல்லிப் போனேன். என்ன பேசுவது என்று வழியில் ஒரு வாக்கியமும் ஆயத்தம் செய்யவில்லை. என் வாழ்நாளில் இதுவே முதல் முறை.

படகுக்காரி தளத்தில் கால் நீட்டி அமர்ந்து பாய் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை மூக்கருகே கொண்டுபோய் நூலோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். நான் கரையில் நின்றேன்.

"என்ன கண்ணாடியம்மா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

"இல்ல. எனக்கு... கயிறு கட்டக் கத்துக்குடுப்பீங்களா?"

"அதான் நல்லாக் கட்டுனீங்களே. புக்கு பாத்து."

"ஆளோட கட்டத் தெரியாது."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.  ஆலயத்தில் அன்று யாரோ பெயர் சொல்லி அழைத்தாற்போல் இருந்ததே, அப்படியே இருந்தது.

"இப்படி நின்னுட்டே இருந்தா எப்படி? ஏறுங்க."

ஏணியில் கால் வைத்தேன். "கை குடுங்க" என்றேன். அவள் கையை நீட்டினாள். அந்த உள்ளங்கை மரப்பட்டை போலிருந்தது. இழுத்த வேகத்தில் நான் அவள் மேலேயே விழுந்தேன். கணவரின் தம்பி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "யாரு? அல்லேலூயாவா?" என்றார். அப்படியொரு பெயரும் எனக்கு இருந்திருக்கிறது!

பிறகு அவள் கண்களைப் பார்த்தேன். கைப்பையில் கொண்டுபோயிருந்த லென்ஸ்களில் ஒன்று சரியாகப் பொருந்திற்று. கண்ணாடி வழியே நூலை ஒரே தடவையில் கோத்தாள். "சீ" என்றாள், "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா ரெண்டு மாசம் வீறாப்பாக் கெடந்தேன்?"

இருவரும் சிரித்தோம். வீறாப்பு அவளுக்கு மட்டுமா?

மே 2

இடுக்கு.

அன்று ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். நடுவில் ஒரே கயிறு. என் முடிச்சை அவள் போட்டாள். அவள் முடிச்சை எனக்குச் சொல்லித் தந்து என்னையே போடவைத்தாள். இரண்டு தரம் அவிழ்த்து மறுபடி போடச் சொன்னாள்.

பாறை நெருங்கியபோது கயிறு என் இடுப்பை ஒரு முறை வெட்டி இழுத்தது. அவள்தான் கழியை ஊன்றிச் சாய்ந்திருக்கிறாள். அந்தச் சாய்வு முழுவதையும் என் மேல் போட்டிருக்கிறாள்! நான் காலை அகட்டிப் பின்னோக்கிச் சாய்ந்தேன். என் பாரம் அவளை நிறுத்தியது. இவ்வளவு காலமும் எவருக்கும் பாரமாக இருக்கலாகாது என்றே வாழ்ந்தவள். அந்தப் பாரம்தான் இன்று வேண்டியிருந்தது. நீர் முகத்தில் அறைந்தது. பயத்தில் கத்தினேன். அவளும் கத்தினாள். அது ஜெபமா, கூச்சலா, சிரிப்பா என்று ஆண்டவர்தான் பிரித்தறிய வேண்டும்.

கடந்த பிறகு கயிற்றை அவிழ்க்காமலேயே தளத்தில் உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னாள்: "உங்க ஐயாகிட்ட நானே சொல்லிடறேன். எங்க படகுக்கு வாங்க. நாங்க பாத்துக்கறோம்."

கூடாரம் தைத்த அந்த அப்போஸ்தலருக்குத் தரிசனத்தில் ஒரு மனிதன் தோன்றி, வந்து எங்களுக்கு உதவி செய்யும் என்று அழைத்தானாம். எனக்கு அழைப்பு வேறு விதமாய் வந்திருக்கிறது. வாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்!

ஜூன் 9

ஆலயத்தில் வழியனுப்பும் ஆராதனை. இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். "நான் போறேன். எனக்கு அங்க நிறையக் கத்துக்க வேண்டியிருக்கு. எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்றேன். அமர்ந்தேன். தம்பி பின்வரிசையிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். வெளியே வந்ததும், "அவ்வளவுதானா? முன்னுரை எங்கக்கா?" என்றான். சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியைத் தூக்கினான். நான் தடுக்கவில்லை.

தம்பி மனைவி என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வாரம் தவறாமப் பேசணும் அண்ணி" என்றாள். கடை முதலாளி சோதனைப் பெட்டியையே தூக்கிக் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். எவ்வளவு வாங்கினாலும் கை நிறையவில்லை. மகிழ்ச்சி!

ஆகஸ்ட் 17

மீன் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டேன். மகா மோசம். கணவரின் தம்பி அதை ஒரு படகு விடாமல் எடுத்துச் சென்று காட்டிவிட்டு வந்தார்.

செப்டம்பர் 3

காலை ஜெபத்தை இப்போது மனத்துக்குள் செய்கிறேன். எஞ்சின் சத்தத்தில் ஆண்டவருக்குக் கேட்கிறது.

அக்டோபர் 19

காய்ச்சல் விட்டு இன்றுதான் பேனாவைத் தொடுகிறேன்.  நேற்று மதியம் நடந்ததை எழுதாமல் இருக்க இயலாது.

மழை தகரத்தின் மேல் பெய்துகொண்டிருந்தது. படகைக் கரையோரம் கட்டிவிட்டு ஆண்கள் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். நான் உறங்குவதாக எண்ணிப் படகுக்காரி என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கை நின்றது. யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாற்போல் தொண்டையைச் செருமினாள்.

"கண்ணாடியம்மாவோட ஆண்டவரே" என்றாள். "உன்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்கு வர்ற மாதிரி எனக்குப் பேச வராது. நீ இருக்கியா இல்லையான்னு கூட எனக்குத் தெரியாது. இருந்தா, இவங்கள எழுப்பி விடு. இவங்க எங்க ஆளு. அவ்வளவுதான்."

எத்தனையோ ஜெபங்கள் கேட்டிருக்கிறேன்; எத்தனையோ நானே இயற்றியிருக்கிறேன். இதில் ஒரு சொல்லையும் மாற்ற எனக்குத் தோன்றவில்லை. கண்ணைத் திறக்காமலேயே "ஆமென்" என்றேன்.

"முழிச்சிட்டா இருந்தீங்க!" என்று பதறினாள்.  பிறகு, "அப்படின்னா என்ன?" என்றாள்.

"அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்."

துணியைப் பிழிந்து மறுபடி என் நெற்றியில் போட்டாள். யோசித்தாள்.

"அப்ப அத நான்ல சொல்லணும்? கேட்டது நான்தானே" என்றாள். சொன்னாள்.